ஆறு எஞ்சினுக்கு ஒரே ஆயில் போதுமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். எங்க வீட்டு ஷெட்டுல ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கு, டர்போ உண்டு ஆனா டிபிஎஃப் (புகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) எல்லாம் கிடையாது. போன வருஷம் வாங்கின டர்போ பெட்ரோல் கார் ஒண்ணு, பைக் ஒண்ணு, ஸ்கூட்டர் ஒண்ணு, கரண்டு போனா ஓட்டுறதுக்கு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், அப்புறம் தோள்ல மாட்டிக்கிட்டு புல்லு வெட்டுற டூ ஸ்ட்ரோக் மிஷின். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டின்னுன்னு வாங்கி வாங்கி இப்போ அலமாரியில பாதி காலியான டின்னுங்களா நிக்குது, எது எதுக்குன்னே தெரியல. ஒரே ஆயிலா பெரிய கேன் வாங்கி வெச்சுட்டு எல்லாத்துக்கும் ஊத்தலாமா? ஆயில் விக்கிறவரு 20டபிள்யூ-50 எல்லாத்துக்கும் தாங்கும்கிறாரு, என் தம்பி 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் வாங்குனா எதுக்கும் பயமில்லங்கிறான். யாரு சொல்றத கேக்குறது?

பதில்: ரெண்டு பேரு சொல்றதையும் கேக்காதீங்க. உங்க ஷெட்டுல இருக்குற ஆறு எஞ்சின்ல நாலுக்கு ஒரே ஆயில் போதும், மீதி ரெண்டையும் அந்தக் கூட்டத்துல சேக்கவே முடியாது. எந்த நாலு, எந்த ரெண்டுங்குறதுதான் விஷயமே. அது புரிஞ்சுட்டா நாளைக்கு புதுசா ஒரு மிஷின் வாங்குனாலும் நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

முதல்ல அந்த நம்பர். உங்க தம்பியும் ஆயில் விக்கிறவரும் சண்டை போடுறது கெட்டி பத்தி மட்டும்தான். 15டபிள்யூ-40ங்குறதுல டபிள்யூன்னா வின்டர், குளிர்காலம். முன்னாடி இருக்குற 15, குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் எவ்வளவு இளக்கமா இருக்கும்னு சொல்றது. 20டபிள்யூவ மைனஸ் 15 டிகிரியில டெஸ்ட் பண்ணுவாங்க, 15டபிள்யூவ மைனஸ் 20ல, 10டபிள்யூவ மைனஸ் 25ல, 5டபிள்யூவ மைனஸ் 30ல. பின்னாடி இருக்குற 40, எஞ்சின் நல்லா சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கணும்ங்குற அளவு. இந்த நம்பர வகுத்த எஸ்ஏஈ அமைப்போட கணக்குல 40ன்னா 12.5லருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள (கெட்டிய அளக்குற அலகு), 30ன்னா 9.3லருந்து 12.5குள்ள. இப்போ பாருங்க, 10டபிள்யூ-40யும் 15டபிள்யூ-40யும் சூடானதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிதான், வித்தியாசமெல்லாம் உறைபனி காலையில ஸ்டார்ட் பண்றப்போதான் தெரியும். தண்ணி உறையுற குளிரே வராத இடத்துல இருக்குறவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல ரொம்ப யோசிக்கவே வேண்டாம். மேனுவல்ல ரெண்டும் போட்டிருந்தா எது ஒத்து வருதோ அத எடுத்துக்கலாம். ஒரே ஆயில்னு தேடுறவங்களுக்கு இது பெரிய சலுகை, ஆனா நெறைய பேரு முன்னாடி நம்பரப் பாத்தே பயந்துடுறாங்க.

ஆனா கெட்டி ஒத்துப்போச்சுன்னா ஆயில் ஒத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. டின்ன திருப்பி பின்பக்கம் பாருங்க, வடை மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அதோட மேல் பாதியில ஏபிஐ சர்வீஸ்னு போட்டு ரெண்டு மூணு எழுத்து இருக்கும். ஏபிஐங்குறது ஆயிலுக்குத் தரம் வகுக்குற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு. எஸ்ல ஆரம்பிச்சா பெட்ரோல் எஞ்சின், 'சி'ல ஆரம்பிச்சா டீசல். எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பின்னு எழுத்து தள்ளித் தள்ளிப் போகப் போக புதுசு, எஸ்பி 2020ல வந்தது. டீசல்ல சிஎச்-4, சிஐ-4, சிஜே-4, கடைசியா சிகே-4. ஒரே டின்ல சிகே-4யும் எஸ்என்னும் சேத்துப் போட்டிருந்தா அது ரெண்டு வகை எஞ்சினுக்கும் தேர்வாயிருக்குன்னு அர்த்தம். லாரியும் காரும் ஜெனரேட்டரும் கலந்து வெச்சிருக்குற பெரிய கம்பெனிங்க இந்த மாதிரி ஆயிலத்தான் பேரல் பேரலா வாங்குறாங்க, நீங்க கேக்குறது புதுசான ஆசை ஒண்ணும் இல்ல.

இப்போ உங்க ஷெட்டுக்குள்ள வருவோம். எல்லாத்துக்கும் பொதுவா ஆயில் தேடும்போது எது ரொம்ப சாதாரணமான எஞ்சினோ அதுலருந்து ஆரம்பிக்கக்கூடாது, எது ரொம்ப அடம் புடிக்குதோ அதுலருந்து ஆரம்பிக்கணும். உங்க கிட்ட அடம் புடிக்கிறது பைக்கு.

பைக்குல எஞ்சின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டு அந்த ஆயில்லயே மூழ்கித்தான் கிடக்கு. கார் ஆயில்ல, முக்கியமா மெல்லிசான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி கிரேடுல, பெட்ரோல் மிச்சமாகணும்னு உராய்வக் குறைக்கிற மருந்து கலந்திருப்பாங்க. காருக்கு அது நல்லது, ஆனா பைக்கு கிளட்சுக்கு உராய்வுதான் சோறு. பிளேட்டு ஒண்ண ஒண்ணு கவ்வணும், கவ்வ விடாம வழுக்க விட்டா எப்படி? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் காருக்கு ஊத்தி மிச்சம் இருந்த 5டபிள்யூ-30 நல்ல ஆயில், வீணாகக்கூடாதுன்னு பைக்குல ஊத்திட்டு நாலு நாள் கழிச்சு எங்கிட்ட கொண்டு வந்தார். ஓட்டிப் பாத்தேன். தரையில சும்மா போகும்போது ஒண்ணும் தெரியல, மேடு ஏறும்போது நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர முறுக்குனா எஞ்சின் சத்தம் மட்டும் சர்ருன்னு ஏறுது, ஸ்பீடோமீட்டர் முள்ளு இருந்த இடத்துலயே இருக்கு. ஆயில மாத்தி ரெண்டு தடவை ஓட்டி வடிச்சோம், அதுக்குள்ள பிளேட்டு கருகிப்போச்சு, கடைசியில பிளேட்டையும் மாத்த வேண்டியதா போச்சு. மனுஷன் வீணாக்கக்கூடாதுன்னு நல்ல மனசோட செஞ்சது, அதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அதனால பைக்குக்கு டின்ல ஜாசோ (ஜப்பான் வண்டித் தர அமைப்பு) எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். சின்ன கட்டம் ஒண்ணு போட்டு மேல ஒரு பதிவு நம்பரும் கீழ இந்த எழுத்தும் இருக்கும். நிஜ கிளட்ச் பிளேட்டு வெச்சு உராய்வ அளந்து பாத்துட்டு குடுக்குற முத்திரை அது. அதே குடும்பத்துல எம்பின்னு ஒண்ணு இருக்கு, அது உராய்வு கம்மி, ஆயில்ல நனையாத டிரை கிளட்ச் இருக்குற ஸ்கூட்டருக்கானது. எம்ஏ ஆயில ஸ்கூட்டருக்கு ஊத்தலாம், கெட்டி மட்டும் மேனுவல்ல சொன்ன மாதிரி இருந்தா போதும், மைலேஜ் துளி குறையலாம் அவ்வளவுதான். எம்பி ஆயில பைக்குக்கு ஊத்தக்கூடாது. ஒருவழிப் பாதை இது.

நல்ல சேதி என்னன்னா, டீசல் ஆயில் சிலதுல டின்லயே ஜாசோ எம்ஏன்னும் அச்சடிச்சிருப்பாங்க. 15டபிள்யூ-40, ஏபிஐ சிகே-4, கூடவே எஸ் வரிசையில ஒண்ணு, கூடவே ஜாசோ எம்ஏ, இது நாலும் ஒரே டின்ல இருக்குற ஆயிலா தேடிப் புடிங்க. சிகே-4ங்குறது சிஜே-4, சிஐ-4, சிஎச்-4 கேட்ட பழைய எஞ்சினுக்கும் செல்லும், அதனால உங்க ஜீப்புக்கு கச்சிதம். பைக்கு மேனுவல்ல 10டபிள்யூ-40ன்னோ 15டபிள்யூ-40ன்னோ இருந்தா பைக்குக்கும் ஆச்சு. ஸ்கூட்டர் மேனுவல்ல பின் நம்பர் 40 இருந்தா அதுக்கும் ஆச்சு, 10டபிள்யூ-30 மட்டும்தான்னு போட்டிருந்தா ஸ்கூட்டர மட்டும் தனியா விட்டுருங்க, ஒரு சின்ன டின்னுல என்ன வந்துடப்போகுது. ஒரு எச்சரிக்கை, எஃப்ஏ-4ன்னு ஒரு டீசல் ஆயில் இருக்கு, சிகே-4 வந்த அதே சமயத்துல வந்தது, ஆனா அது புது மாதிரி டீசல் எஞ்சின் சிலதுக்குன்னே செஞ்ச மெல்லிசு ஆயில். பழைய ஜீப்புக்கு அது ஆகாது.

ஜெனரேட்டருக்கு வர்றேன், இதத்தான் எல்லாரும் சாதாரணமா நினைக்கிறாங்க, எனக்கு இது மேல தனிப் பாசம். அந்தச் சின்ன எஞ்சின்ல தண்ணி கூலிங் கிடையாது, காத்துதான். பெரும்பாலானதுல ஆயில் ஃபில்டரும் கிடையாது, ஆயில் பம்ப்பும் கிடையாது. கனெக்டிங் ராடு அடியில கரண்டி மாதிரி ஒரு துண்டு இருக்கும், அது சுத்தும்போது ஆயில வாரி வாரி அடிக்கும், அந்தத் தெறிப்புலதான் உள்ள எல்லாம் நனையுது. மொத்த ஆயிலே பல மாடல்ல அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலதான் புடிக்கும். அவ்வளவு கொஞ்ச ஆயில், அவ்வளவு சூடு. மேனுவல்ல வெப்பநிலை வாரியா ஒரு பட்டை போட்டு எந்த டிகிரிக்கு எந்த கிரேடுன்னு காட்டியிருப்பாங்க, அதுல 15டபிள்யூ-40 இருக்கான்னு பாருங்க. 10டபிள்யூ-30 போட்டா 27 டிகிரிக்கு மேல ஆயில் கொஞ்சம் அதிகமா குடிக்கும், லெவல அடிக்கடி பாருங்கன்னு சில மேனுவல்லயே எழுதியிருக்கும். அதனால வெயில் காலத்துல 40 கிரேடு அந்த மிஷினுக்கு நல்ல துணை.

ஜெனரேட்டர்ல டிப்ஸ்டிக், அதாவது மூடியோட சேந்த ஆயில் அளவு பாக்குற குச்சி, பாக்குறதுல ஒரு நுணுக்கம் இருக்கு, சொல்லிடுறேன். மிஷின சமதரையில வெச்சு, மூடிய கழட்டி துணியில துடைச்சு, திரும்ப உள்ள விடும்போது பல மாடல்ல மூடிய திருகக்கூடாது, சும்மா வாய் மேல உக்கார வெச்சு எடுத்துப் பாக்கணும். திருகிப் பாத்தா குச்சி இன்னும் கீழ இறங்கும், ஆயில் நிறைய இருக்குற மாதிரி காட்டும், நீங்க திருப்தியா மூடிட்டுப் போயிடுவீங்க, உள்ள ஆயில் கம்மியா ஓடிட்டு இருக்கும். உங்க மாடலுக்கு எப்படின்னு மேனுவல்ல ஒரு வரி இருக்கும், கண்டிப்பா பாருங்க.

சரி, கூட்டத்துல சேராத ரெண்டு பேரு. முதல் ஆளு உங்க புது டர்போ பெட்ரோல் கார். இதுக்கு டீசல் ஆயில் ஊத்தவே ஊத்தாதீங்க, ஏன்னு சொல்றேன். நேரா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் அடிக்கிற டர்போ எஞ்சின்ல, கம்மி ஆர்பிஎம்ல போயிட்டு இருக்கும்போது திடீர்னு ஆக்சிலேட்டர மிதிச்சா, பிளக்கு பொறி விடுறதுக்கு முன்னாடியே உள்ள வெடிச்சுடுற வியாதி ஒண்ணு இருக்கு. பிஸ்டனே உடையுற அளவுக்குப் போகும். ஆயில்ல இருக்குற கால்சியம் அதத் தூண்டி விடுதுன்னு கண்டுபுடிச்சு, அதக் குறைச்சு மருந்து கலவைய மாத்துனாங்க. முதல்ல 2018ல எஸ்என் பிளஸ், அப்புறம் எஸ்பி வந்ததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். டீசல் ஆயில்ல புகைக்கரியையும் ஆசிடையும் சமாளிக்க கால்சியம் மருந்து பொதுவா தாராளமாவே இருக்கும், அது ஜீப்புக்கு வரம், இந்தக் காருக்கு ஆபத்து. இன்னொண்ணு, சில புது எஞ்சின்ல டைமிங் பெல்ட்டே ஆயில்ல நனைஞ்சு ஓடுது, தப்பான ஆயில் ஊத்துனா பெல்ட்டு பொடிப்பொடியா உதிர்ந்து ஆயில் பம்ப்போட ஜல்லடைய அடைச்சுடும். அந்தக் காருக்கு மேனுவல்ல என்ன நம்பர், என்ன முத்திரை போட்டிருக்கோ அது மட்டும்தான். தனி டின்.

காரு ஆயிலயும் பைக்கு ஆயிலயும் ஒண்ணாக்குறது ஏன் இவ்வளவு கஷ்டம்னு ஒரே ஒரு கணக்குல காட்டுறேன். தேய்மானத்தத் தடுக்கிறதுக்கு ஆயில்ல பாஸ்பரஸ் கலந்த ஒரு மருந்து சேப்பாங்க, ஆனா அது சைலன்சர் வழியில புகைய சுத்தம் பண்ணுற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு விஷம். அதனால எஸ்பி ஆயில்ல 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிசு கிரேடுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. ஜாசோ காரங்க பைக்கோட கியர் பல்ல நினைச்சு 0.08க்குக் கீழ இறங்கக்கூடாது, 0.12 வரைக்கும் போகலாம்னு வெச்சிருக்காங்க. ஒருத்தர் கூரை போட்ட இடத்துல இன்னொருத்தர் தரை போட்டிருக்கார்.

ரெண்டாவது ஆளு புல்லு வெட்டுற மிஷின். டூ ஸ்ட்ரோக்குல ஆயில் தனியா தேங்கி நிக்கிறதில்ல, பெட்ரோலோட கலந்து உள்ள போய் எரிஞ்சு வெளிய போகணும். நாம மத்த எஞ்சினுக்கு ஊத்துற ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில்ல இருக்குற உலோக மருந்து எரிஞ்சா சாம்பலாகும், பிளக்குல படியும், ரிங்கு ஒட்டிக்கும், புகை போற வழி அடைச்சுக்கும். டின்ல ஜாசோ எஃப்டி, இல்லன்னா குறைஞ்சது எஃப்சின்னு பாத்து வாங்குங்க. டிசி-டபிள்யூ3ன்னு ஒண்ணு கண்ணுல பட்டா அது தண்ணியில குளிர்ற படகு மோட்டாருக்கானது, காத்துல குளிர்ற உங்க மிஷினுக்கு வேண்டாம். 50க்கு 1ன்னு போட்டிருந்தா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25க்கு 1ன்னா 40 மில்லி. கலந்த பெட்ரோல் கேன் மேல பெருசா பெயின்ட்ல எழுதி வெச்சுருங்க, ஏன்னா ஜெனரேட்டருக்கு வெச்சிருக்குற வெறும் பெட்ரோல யாராவது தெரியாம இதுல ஊத்திட்டா கொஞ்ச நேரத்துலயே எஞ்சின் சீஸ் ஆயிடும். அந்தத் தப்பு நடக்கவே கூடாது.

ஆக உங்களுக்கு மூணு டின். பெரிய கேன் ஒண்ணு, காருக்கு ஒண்ணு, டூ ஸ்ட்ரோக்குக்கு ஒண்ணு. மேனுவல் தொலைஞ்சு போயிருந்தா மாடல் நம்பர வெச்சு கம்பெனி வெப்சைட்ல பெரும்பாலும் கிடைச்சுடும். ஒரு அட்டையில எஞ்சின் பேரு, கிரேடு, முத்திரை, எத்தனை லிட்டர் புடிக்கும், கடைசியா எப்போ மாத்துனது, இத எழுதி ஷெட்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டிருங்க. அலமாரியில இருக்குற பாதி டின்னுல லேபிள் தெளிவா இருந்து மூடி இறுக்கமா இருந்தா அதது எதுக்கோ அதுக்கு ஊத்தித் தீருங்க. லேபிளே இல்லாதது, அடியில தண்ணி தேங்குனது, பால் மாதிரி கலங்குனது, இதெல்லாம் கழிவு ஆயிலோட சேத்து வாங்குற இடத்துல குடுத்துருங்க, மண்ணுலயோ சாக்கடையிலயோ மட்டும் ஊத்திடாதீங்க.

கேள்வி: மேல கேட்டவரு மாதிரியேதான் நானும், ஆனா எனக்கு ஜெனரேட்டரும் தண்ணி பம்ப்பும் மட்டும்தான். வண்டியில கிலோமீட்டர் பாத்து மாத்துறோம், இதுல எத வெச்சு ஆயில் மாத்துறது? கருப்பானா மாத்திடலாமா?

பதில்: மணிக்கணக்குதான். புது மிஷின்னா முதல் 20 மணி நேரத்துல ஒரு தடவை கண்டிப்பா மாத்துங்க, அப்போதான் உள்ள உரசி வந்த இரும்புத் துகள் வெளிய போகும், ஃபில்டர் இல்லாத எஞ்சின்ல இது ரொம்ப முக்கியம். அப்புறம் பல மாடல்ல 100 மணி நேரத்துக்கு ஒருதடவை இல்லன்னா 6 மாசம், எது முதல்ல வருதோ அது. 100 மணின்னா பெருசா தோணும், ஒரு வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல அவ்வளவு நேரம் ஓடுனா 5000 கிலோமீட்டர், இப்போ புரியும் பாருங்க. மிஷின் மேலயே சின்னதா ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டு ஓட்டுற நேரத்த எழுதுங்க. கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துனா ஆயில்ல ஈரம் சேரும், அதான் ஓடாம நின்னாலும் மாசக் கணக்கு வெச்சிருக்காங்க. கருப்ப நம்பாதீங்க. டீசல் எஞ்சின்ல புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டுனாலே கருத்துடும், கரிய அது தன்னோட வெச்சிருக்குன்னு அர்த்தம், அந்த வேலைக்குத்தான் அத ஊத்துறோம்.

கேள்வி: வழியில ஆயில் லைட் எரிஞ்சுது, நான் ஊத்தற பிராண்டு கிடைக்கல. வேற பிராண்டு கலந்தா திரிஞ்சு போயிடுமா? மினரலோட சிந்தெடிக் சேருமா?

பதில்: திரியாது. ஏபிஐ முத்திரை உள்ள எஞ்சின் ஆயில் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்கணும்ங்குறது விதியிலயே உண்டு. ஆயில் இல்லாம 10 கிலோமீட்டர் ஓட்டுறதவிட வேற பிராண்டு அரை லிட்டர் ஊத்தி ஓட்டுறது ஆயிரம் மடங்கு மேல். ஆனா சிவப்பு லைட் எரிஞ்சா முதல்ல வண்டிய நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணுங்க, அந்த லைட் லெவலுக்கு இல்ல, பிரஷருக்கு. டிப்ஸ்டிக்குல லெவல் சரியா இருந்தும் லைட் அணையலன்னா ஆயில் ஊத்தி பிரயோஜனமில்ல, வண்டிய இழுத்துட்டுத்தான் போகணும். பைக்குன்னா அவசரத்துக்கும் எம்ஏ முத்திரை பாத்து ஊத்துங்க. இதையே சாக்கா வெச்சு 10டபிள்யூ-30யும் 20டபிள்யூ-50யும் பாதிப் பாதி கலந்து நானே 40 செஞ்சுட்டேன்னு மட்டும் பண்ணாதீங்க, மருந்து அளவு எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சிந்தெடிக்ங்குறது ஆயிலோட தரம் பத்தின சொல்லு, அது உங்க எஞ்சினுக்குப் பொருந்துமாங்குறதுக்கு அது பதிலே இல்ல.

கேள்வி: ஷெட்டுல 80டபிள்யூ-90 கியர் ஆயில் நெறைய கிடக்கு. எங்க பழைய எஞ்சின் புகை விடுது, கெட்டியான ஆயில்னா அடங்கும்னு சொல்றாங்க, இத 20டபிள்யூ-50யோட கொஞ்சம் கலக்கலாமா?

பதில்: கலக்காதீங்க. கியர் ஆயிலோட நம்பர் வேற அளவுகோல், 90ங்குறதப் பாத்து 50ஐ விட ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைச்சுடாதீங்க, உண்மையில 100 டிகிரியில அது எஞ்சின் ஆயில் 40, 50 இருக்குற இடத்துலதான் வந்து நிக்கும். ஆனா உள்ள இருக்குற மருந்து கியர் பல்லுக்கு வெச்சது, கந்தகம் கலந்தது, எஞ்சின் சூட்டுல பித்தளை, வெண்கல பாகத்தையெல்லாம் அரிச்சுடும், கரியத் தூக்கி வெச்சுக்கத் தெரியாது. மேனுவல்ல 20டபிள்யூ-50க்கு இடமிருந்தா அத மட்டும் தனியா ஊத்திப் பாருங்க, புகை கொஞ்சம் குறையலாம். குறைஞ்சாலும் ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சது தேஞ்சதுதான், கம்ப்ரஷன் டெஸ்ட் ஒண்ணு பண்ணச் சொல்லி ரீடிங் என்ன வருதுன்னு எழுதி அனுப்புங்க, எது தேஞ்சிருக்குன்னு அத வெச்சு சொல்றேன்.